உன் முத்துகள் ஏன் கரைந்தன

தம்பி,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, சளி விட்டதா என்பதையெல்லாம் உன் அம்மா தினமும் போனில் கேட்டுவிடுகிறாள். அதனால் நலம் விசாரிக்கும் வேலை எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பேசினாய் அல்லவா? பெங்களூரில் ஒரு கம்பெனி உன்னைக் கூப்பிடுகிறது, பாக்டீரியாவைக் கூழ் முத்துகளுக்குள் அடைத்து லாக்டிக் ஆசிட் தயாரிக்கிற வேலையை உன்னையே முன்னின்று நடத்தச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அடுத்த மூச்சில் நீயே, "வேணாம்னு சொல்லிரப்போறேன்ப்பா. அதெல்லாம் லேப்ல நல்லாருக்கும், ஷெட்ல தாங்காது. நம்மதான் செஞ்சு பாத்துட்டோமே. நீங்களே கண்ணால பாத்தீங்கள்ல" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த "ம்" பொய், தம்பி. மூன்று வருடமாக உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் முத்துகள் கரைந்ததற்குக் காரணம் நீ நினைத்துக்கொண்டிருப்பது இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரி விடுங்கப்பா, பழைய கதை" என்று ஒரே நிமிடத்தில் என்னை விட்டுவிடுவாய். உன் குணம் அப்படி; உன் அம்மாவிடமிருந்து வந்த குணம், என்னிடம் இருந்து இல்லை. எனக்கு அவ்வளவு சீக்கிரம் விடுதலை வேண்டாம். நீ முழுசாகப் படிக்க வேண்டும், முழுசாகக் கோபப்பட வேண்டும், அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இன்று திங்கட்கிழமை. சோழவந்தான் ரோட்டில் நம் வினிகர் ஷெட்டில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் கூரியரில் போட்டால் புதன்கிழமை புனேயில் உன் கைக்கு வந்துவிடும் என்றான் கூரியர்க்காரன். வியாழன் காலை வரை வரவில்லை என்றால் வெட்கத்தைப் பார்க்காமல் போனிலேயே படித்துக் காட்டிவிடுவேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. இதை எழுதவே கை கூசுகிறது. பெற்ற பிள்ளைமேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று நீ கேட்பாய். நான் பட்டேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. உனக்குப் பதின்மூன்று வயதில் தல்லாகுளம் வீட்டு ஹாலில் கேரம் விளையாடினோமே, நினைவிருக்கிறதா? அதுவரை ஒரு ஆட்டத்தில்கூட உன்னை நான் ஜெயிக்க விட்டதில்லை. மற்ற அப்பன்மார்கள் சும்மாவாவது தோற்பார்களாம். எனக்கு அது வராது. அன்றைக்கு நீ சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதற்குக் கவர் காயையும் போட்டு, மிச்சக் காயையும் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் அம்மா கைதட்டினாள். நான் என்ன செய்தேன்? "பரீட்சை வருது, விளையாட்டு போதும்" என்று போர்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். பரீட்சைக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. பரீட்சை வந்தது, போனது, நீ பத்தாவது முடித்தாய், பன்னிரண்டு முடித்தாய். போர்டு பரணிலேயே இருந்தது. நீ ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

பொறாமை வரும்போது "நான் பொறாமை" என்று சொல்லிக்கொண்டு வராது, தம்பி. அக்கறை மாதிரி வரும். "பிள்ளை படிக்கணுமே" என்று வரும். "அவனுக்கு அனுபவம் பத்தாதே, அடிபட்டுவிடுவானே" என்று வரும். நாளைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்ப்பார்கள். அதில் ஒரு சின்னப் பெண்ணோ பையனோ உன்னைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். அன்றைக்கு உனக்கு அவர்மேல் திடீரென்று ரொம்ப அக்கறை வந்தால், கொஞ்சம் நின்று, அது என்ன அக்கறை என்று முகர்ந்து பார். நான் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் வினிகரை முகர்ந்து பார்த்த மூக்குக்கு இந்த நாற்றம் மட்டும் தெரியவில்லை.

மூக்கு என்றதும் அடுத்தது ஞாபகம் வருகிறது. உசிலம்பட்டிப் பக்கம் காட்டில் கடலை போட்டு, மழையை நம்பிக் கெட்ட குடும்பம் நம்முடையது. நான் இங்கே வந்து, கொப்பரைக் களங்களில் ஓடையில் ஊற்றிக்கொண்டிருந்த தேங்காய்த் தண்ணீரை வாங்கி, சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்து வினிகர் ஆக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. மூன்று தொட்டி நாறிப் போனது, நாலாவது நின்றது. அந்த நாலாவது தொட்டியின் மேலே பால் ஆடை மாதிரிப் படிந்ததே, அந்த ஆடையை இன்று வரை சாகவிடாமல் தொட்டிக்குத் தொட்டி மாற்றிக் காப்பாற்றி வருகிறேன். அதில் இருக்கும் பூச்சிக்குப் பாக்டீரியா என்று பெயர், அதுதான் புளித்ததில் ஊறும் சாராயத்தை ஆசிட் ஆக்குகிறது என்பதெல்லாம் நீ காலேஜில் படித்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது வாசனை. தொட்டி மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்து, "நாலு பெர்சன்ட், இன்னும் மூணு நாள் கெடக்கட்டும்" என்று நான் சொன்னால் ஷெட்டே அதைக் கேட்கும். நீ பியூரெட் குழாயையும் ஒரு சொட்டு மருந்தையும் கொண்டுவந்து, ரோஸ் கலர் வரும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, "நாலு இல்லப்பா, மூணரை" என்று சொன்னாய். பேச்சியம்மா பக்கத்தில் நின்றாள். தொட்டி கழுவுவதில் இருந்து பாட்டில் நிரப்புவது வரை இருபது வருடமாக நம்மிடம் வேலை பார்க்கிறவள், என் மூக்கைச் சாமி மாதிரி நம்பினவள். அவள் உன் குழாயை எட்டிப் பார்த்து, "அட, இது சொல்லுதே!" என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது.

அப்புறம் நீ முத்துகளைக் கொண்டுவந்தாய். கடல்பாசியில் இருந்து எடுத்த மாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் என் ஆடையில் இருந்து எடுத்த பாக்டீரியாவைக் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கால்சியம் உப்புத் தண்ணீரில் சொட்டவிட்டாய். விழுந்த சொட்டு ஒவ்வொன்றும் அப்படியே உறைந்து ஒரு முத்தாக நின்றது. பேச்சியம்மா ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "தம்பி, பாயசம் எப்ப?" என்றாள். அன்றிலிருந்து ஷெட்டில் அதற்குப் பெயர் ஜவ்வரிசி. நீ அந்த ஜவ்வரிசியைச் சின்ன ஸ்டீல் டிரம்மில் கொட்டி, கீழேயிருந்து காற்றை விட்டு, மேலே புளித்த தேங்காய்த் தண்ணீரை ஊற்றினாய். பாக்டீரியா முத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கும், வினிகரை மட்டும் வடித்துக்கொண்டு அடுத்த தண்ணீரை ஊற்றலாம், பூச்சியை வளர்த்து வளர்த்து வீணாக்க வேண்டியதில்லை என்றாய். "இதே முத்துல வேற பாக்டீரியாவ வச்சா வேற கெமிக்கல்ப்பா. லாக்டிக் ஆசிட்கூட எடுக்கலாம், அதுல இருந்து பிளாஸ்டிக் மாதிரியே செய்றாங்க" என்று நீ கண் விரியச் சொன்னபோது நான் பாட்டில் மூடியை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். என் தொட்டியில் மூன்று வாரம் ஆவது உன் டிரம்மில் மூன்று நாளில் ஆனது. என் ஆடைதான், என் பூச்சிதான். என்னிடம் இத்தனை வருடம் மெதுவாக நடந்தது, உன்னிடம் வந்ததும் ஓடுகிறது. அந்தப் பூச்சிமேலேயே எனக்குக் கோபம் வந்தது என்றால் சிரிப்பாய். சிரி.

அந்த வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. கீழவாசல் ஊறுகாய்க் கடைக்காரர், என் பழைய சிநேகிதர், சரக்கு எடுக்க வந்தார். உன் டிரம் சரக்கை ஒரு மூடியில் ஊற்றி நாக்கில் வைத்தவர், "மாப்ள, கை மாறியிருக்கே! யாரு கை இது?" என்றார். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். "தம்பியா? அடேயப்பா, அப்பனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டான்யா! இனிமே எனக்கு இந்தச் சரக்குதான், சொல்லிட்டேன்" என்று உன் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். பல் மட்டும்தான் சிரித்தது. அன்று மத்தியானம் வீட்டில் அயிரை மீன் குழம்பு. கல்யாணமான நாளில் இருந்து உன் அம்மா குழம்பின் முதல் கரண்டியை என் தட்டில்தான் ஊற்றுவாள். அன்றைக்கு அவள் பேச்சு சுவாரசியத்தில், நீ ஊறுகாய்க்காரர் கதையைச் சொல்லச் சொல்ல, முதல் கரண்டியை உன் தட்டில் ஊற்றினாள். அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரன், ஒரு கரண்டிக் குழம்புக்காக வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தேன். "ஏன், உப்பு கூடிருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இனி ஆயுத பூஜை. நம் ஷெட் வழக்கம் உனக்குத் தெரியும். பூஜைக்கு முதல் நாள் எல்லா டிரம்மையும் வாஷிங் சோடாத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். சோடாவுக்கு மூணு தண்ணி என்பது நான் போட்ட சட்டம். பிறகு சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை ஒரு வால்வைக்கூடத் திருகக் கூடாது. உனக்குக் கோயம்புத்தூரில் சிநேகிதன் கல்யாணம். முத்துகளைக் கால்சியம் தண்ணீர் வாளியில் போட்டு வைத்துவிட்டு, கிளம்பும்போது என்னிடம் வந்து சொன்னாய்: "அப்பா, டிரம்மக் கழுவுனதும் முத்தத் திருப்பிப் போட்டு, அது முங்குற அளவுக்கு இந்தக் கால்சியம் தண்ணியவே ஊத்திருங்க. மூணு தண்ணி மட்டும் கண்டிப்பா விட்ருங்க. முத்தக் கெட்டியாப் புடிச்சிருக்கிறதே கால்சியம்தான். சோடா அந்தக் கால்சியத்தப் புடுங்கிரும். அப்புறம் எல்லாம் கஞ்சிதான்." நான் தலையாட்டினேன். "பேச்சியக்காகிட்டயும் சொல்லிருக்கேன், ஆனா நீங்க நின்னு பாத்துக்கங்கப்பா" என்றாய். என்னை நம்பித்தான் பஸ் ஏறினாய்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். பேச்சியம்மா உன் டிரம்மைச் சோடாப் போட்டுத் தேய்த்து முடித்து, தண்ணீர்க் குழாயை எடுக்க வந்தாள். "நீ போயி பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கிட்டு வா. இத நான் பாத்துக்கிறேன்" என்றேன். "இன்னும் ஒரு தண்ணிகூட விடலண்ணே. தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றாள். "எனக்கே நீ சட்டம் சொல்றியா? போ" என்று விரட்டினேன். அவள் போனாள். டிரம்மின் அடிக்குழாயைத் திறந்தேன். சோடாத் தண்ணீர் ஓடியது. ஒரு சாண் தண்ணீர் உள்ளே இருக்கும்போது குழாயை மூடினேன். ஏன் மூடினேன் என்று அப்போது என்னையே கேட்கவில்லை. கையில் ஹோஸ் இருந்தது, தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. ஊறுகாய்க்காரர் உன் முதுகில் தட்டியது மனசில் வந்தது. ஹோஸைக் கீழே போட்டேன். வாளியைத் தூக்கி முத்துகளை மட்டும் வடித்து அந்தச் சோடாத் தண்ணீரில் கொட்டினேன். மூடியைப் போட்டு மூடினேன். அப்புறம் அதே கையால் உன் டிரம்முக்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு வசதியாக இருக்கும் தெரியுமா? மூன்று வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். வேலை மும்முரம், பூஜை அவசரம், வயசாகிவிட்டது, ஞாபகம் தப்பிவிட்டது. இல்லை தம்பி. மறக்கவில்லை. மறுநாள் முழுக்க, பூஜையில் மணி அடிக்கும்போதும், எல்லாருக்கும் பொரி அள்ளிக் கொடுக்கும்போதும், அந்த மூடிக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வால்வைத் தொடக்கூடாத நாள் என்பதால் யாரும் திறக்கப்போவதில்லை என்பதும் தெரியும். விஜயதசமி காலையில் நீ பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதற்கு முன்னாலேயே ஷெட்டுக்கு வந்து, மேலே புளித்த தண்ணீரை ஊற்றிவிட்டேன். சோடா அதில் அடங்கிப் போனது. நீ சோதித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

நீ மூடியைத் திறந்து கையை விட்டாய். முழங்கை வரை கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. நீ திரும்பி, "பேச்சியக்கா, மூணு தண்ணி விட்டீங்களா?" என்று கேட்டாய். அவள் வாயைத் திறக்கும் முன் நான், "விட்டாச்சு, விட்டாச்சு. நான்தான் பக்கத்துல நின்னேன்" என்றேன். பேச்சியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னதால் நீ அதற்குமேல் கேட்கவில்லை. அன்று முழுக்கக் கணக்குப் போட்டு, "ஆசிட் ஏற ஏற முத்து வீக் ஆகுது போலப்பா. ஷெட்ல இது நிக்காது" என்று நீயே ஒரு காரணம் கண்டுபிடித்தாய். என் பொய்க்கு நீயே சட்டை தைத்துப் போட்டாய். அப்படியும் உனக்குப் பேச்சியம்மாமேல் ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கப்புறம் நீ அவளோடு சரியாகப் பேசியதில்லை. அவள் அதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அந்த வாரம் உன்னிடம் நான் எவ்வளவு பிரியமாக இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கறி எடுத்து வந்தேன். "விட்றா தம்பி, இம்புட்டுச் செஞ்சதே பெருசு" என்று தோளில் கை போட்டேன். நீ கண்கலங்கி, "நீங்க இருக்கிறதே போதும்ப்பா" என்றாய். அது பிரியம் இல்லை, ஜெயித்தவன் தாராளமாக இருப்பது சுலபம், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து நீ புனேக்குப் பெயிண்ட் கெமிக்கல் விற்கும் வேலைக்குப் போனாய். ரயில்வே ஸ்டேஷனில் உன் அம்மா அழுதாள். எனக்கு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஷெட்டில் மறுபடியும் என் மூக்குதான் ராஜா என்று ஒரு நிம்மதி வந்தது. பேச்சியம்மா அதைக் கெடுத்தாள். மறுநாள் தொட்டி மூடியைத் திறந்து நான் முகர்ந்து, "நாலு" என்றேன். அவள் குனிந்து பாட்டில் கழுவிக்கொண்டே, "நாலாத்தான் இருக்கும். சொல்றதுக்குத்தான் இப்ப ஆளு இல்லையே" என்றாள்.

உண்மை ஒன்று சொல்லட்டுமா? போன பங்குனியில், முத்துச் செய்முறையை எழுதி நீ ஷெட்டிலேயே விட்டுப்போன நோட்டை எடுத்தேன். நல்ல எண்ணத்தில் இல்லை. உன் முத்து எப்படியும் ஆசிடில் நிற்காது, நான் செய்தாலும் செய்யாவிட்டாலும் கரைந்திருக்கும் என்று எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கடல்பாசி மாவு வாங்கினேன், சிரிஞ்ச் வாங்கினேன். உன் கை மாதிரி என் கை நிற்காது; சொட்டு சில இடத்தில் பட்டாணி மாதிரி, சில இடத்தில் வால் முளைத்து விழுந்தது. பேச்சியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "புள்ள செய்யும்போது சும்மா விடல. இப்ப ஒத்தையா உக்காந்து ஜவ்வரிசி ஊத்துறீங்க. எந்த ஊரு ஞாயம்ண்ணே இது?" என்றாள். நான் அடுத்த சிரிஞ்சை நிரப்பினேன். டிரம்மில் போட்ட மறுநாள் திருப்பரங்குன்றம் போனேன். முருகனிடம் என்ன வேண்டினேன் தெரியுமா? அந்த முத்துகள் உடைய வேண்டும் என்று. அர்ச்சனைத் தட்டோடு, உன் பெயர், உன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, உன் வேலை பாழாக வேண்டும் என்று கண்ணை மூடி நின்றேன். இதைவிடக் கேவலமாக ஒரு அப்பன் சந்நிதியில் நின்றிருக்க மாட்டான்.

முருகன் கேட்கவில்லை. ஒரு வாரம் போனது, முத்து அப்படியே இருந்தது. ஒரு மாதம் போனது. மூன்று நாளைக்கு ஒருமுறை வினிகரை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கால்சியம் உப்பும் சேர்த்தேன். அதையும் நீ நோட்டில் எழுதி வைத்திருந்தாய். உன் பியூரெட்டைத் தூசி தட்டி, ரோஸ் கலர் வரும்வரை சொட்டுவிடக் கற்றுக்கொண்டேன். முதல் முதலில் என் மூக்கு நாலு என்றது, குழாய் நாலரை என்றது. இன்றோடு அறுபத்து மூன்று நாள். இருபத்தொரு தடவை வடித்துவிட்டேன். வால் முளைத்த கோணல் முத்துகூடக் கரையவில்லை. ஆசிடிலேயே கிடக்கின்றன, வேலையும் பார்க்கின்றன. என் கோணல் கையால் செய்ததே இப்படி நிற்கிறது என்றால், உன் கையால் செய்தது எப்படி நின்றிருக்கும்? அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. "அடப்பாவி, அவன் செஞ்சது சரிதான்" என்றுதான் வந்தது.

நேற்று நீ போனை வைத்ததும் உன் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா?" என்றாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் என்ன செய்ய? வேணாம்னு சொல்லப்போறது அவன். அவன்கிட்டச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள். இன்று காலையில் பேச்சியம்மாவிடம், எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க. இன்னைக்கு எழுதலேன்னா நாளைக்கு நான் தம்பிக்குப் போன் போட்ருவேன்" என்றாள். எழுதி முடிக்கும் வரை சாப்பாட்டுக்கு எழக்கூடாது என்று என் டிபன் பாக்ஸைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ ஊருக்கு வந்தால் முதலில் அவளோடு பேசு. என்னோடு பேசுவது அப்புறம், அல்லது பேசாமலும் இருக்கலாம்.

லாக்டிக் ஆசிட் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. அங்கே வேறு சிக்கல் வரலாம், வேறு கூழ் தேவைப்படலாம், அதெல்லாம் நீ படித்தவன், உனக்குத் தெரியும். ஆராய்ந்து பார்த்து வேண்டாம் என்று சொல், நான் தடுக்கவில்லை. ஆனால் "செஞ்சு பாத்தோம், தாங்கல" என்று மட்டும் சொல்லாதே. தாங்கியது. தாங்கிக்கொண்டிருக்கிறது. நான் வடித்த தேதி, ரோஸ் கலர் வந்த கணக்கு எல்லாவற்றையும் உன் நோட்டிலேயே உன் எழுத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன். போட்டோ எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெங்களூர்க்காரர்கள் கேட்டால் அதைக் காட்டு. மூன்று வருடம் முன்னால் ஏன் கரைந்தது என்று அவர்கள் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்; என் மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் மாற்றாதே.

இவ்வளவும் எழுதியதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே, தம்பி. நீ அந்தக் கம்பெனியில் போய் உட்கார்ந்து, பெரிய பெரிய டிரம்களில் உன் முத்துகளை ஓடவிட்டு, நாலு பேர் உன் முதுகில் தட்டினால், இங்கே சோழவந்தான் ரோட்டில் எனக்கு வயிறு எரியும். இப்போதே லேசாக எரிகிறது. எரியட்டும். அது என் வயிறு, என் பாடு. நீ வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் போன் போட்டு, "வாரேன்" என்று சொல்லிவிடு.